பின்னிருக்கையில் ஒரு கணினி: பாளையங்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வரை

மே 28, புதன்கிழமை – பாளையங்கோட்டை

கணவருக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் வீட்டுச் சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிடுவதென்று முடிவாயிற்று. என்னுடைய மேசைக் கணினியை மட்டும் லாரியில் அனுப்புவதில்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன். திருமண ஆல்பம் வடிவமைப்பதுதான் என் தொழில். முகூர்த்த மாதங்களில் எடுத்த படங்கள் இன்னும் ஆல்பமாகாமல் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. சாமான் ஏற்ற வந்த மேஸ்திரி, “பிரிட்ஜு, டிவி எல்லாத்தையும் ஏத்துறோம், இது ஒண்ணுதானா பெருசு?” என்று சிரித்தார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேசைக் கணினியைப் பொறுத்தவரை வெளியிலிருந்து விழும் அடியைவிட உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும் கனம்தான் ஆபத்தானது.

என்னுடையதில், திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். கேபினெட், அதாவது கணினியின் வெளிப்பெட்டி, நிமிர்ந்து நிற்கும்போது அந்தக் கனம் முழுவதையும் மதர்போர்டில் உள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்லாட்டும் பின்பக்கத்து இரண்டு ஸ்க்ரூக்களுமே பக்கவாட்டில் தாங்குகின்றன. மேசை மேல் அசையாமல் இருக்கும்வரை இது போதும். சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் அது மேலும் கீழும் ஆடினால் ஸ்லாட்டில் கீறல் விழும், அல்லது கார்டே வளைந்து போகும். ஆகவே முதலில் மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காக பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தினேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அது கடையிலிருந்து வந்த வெள்ளி நிற ஆன்டி ஸ்டேடிக் உறையில் இட்டு, அதன் சொந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்தேன். கழற்றிய ஸ்க்ரூக்கள் ஒரு சிறு பொட்டலமாக அதே பெட்டிக்குள் போயின.

பிராசசரின் மேல் கோபுரம்போல் நின்று அதன் சூட்டைத் தணிக்கும் ஏர் கூலரையும் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. கழற்றினால் திரும்பப் பொருத்தும்போது, சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும் என்பதோடு, சில வகை போர்டுகளில் கூலரோடு பிராசசரும் ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். கேபினெட்டை மதர்போர்டு அடியில் வரும்படி படுக்க வைத்தால் கூலரின் கனம் போர்டைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேராக அதன் மேல் இறங்கும். அது போதுமென்று கூலரை விட்டுவிட்டேன்.

கேபினெட்டின் கண்ணாடிப் பக்கத்தைத் தனியே எடுத்தாயிற்று. டெம்பர்டு கண்ணாடி பரப்பில் படும் அடியைத் தாங்கும்; ஓரத்திலோ மூலையிலோ கல், டைல்ஸ் பட்டால் மொத்தமும் ஒரே நொடியில் பொடிக்கற்களாகக் கொட்டிவிடும். அதைப் போர்வையில் சுற்றி டிக்கியில் துணிப்பைகளுக்கு நடுவே வைத்தோம்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்கில் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. கொடுக்க வேண்டிய ஆல்பங்களின் பிரதி இணையச் சேமிப்பில் இருக்கிறது. கணினி போகும் அதே வண்டியில் பிரதியையும் எடுத்துப் போவதில் பொருளில்லை. வண்டிக்கு ஒன்று ஆனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மே 29, வியாழக்கிழமை – தருமபுரி

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். கேபினெட் பின்னிருக்கையில் படுத்திருந்தது. கார் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும் என்பதால் அந்தச் சரிவை மடித்த ஜமுக்காளத்தால் நிரப்பிச் சமமாக்கி, அதன் மேல் கேபினெட்டைப் பழைய அட்டைப்பெட்டியோடு வைத்து சீட் பெல்ட் போட்டிருந்தோம். பக்கத்தில் மானிட்டர் தன் பெட்டியில், திரை இருக்கையின் முதுகைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றது. மானிட்டரைப் படுக்க வைத்து அதன் மேல் ஒரு தலையணையைக்கூட வைக்கக் கூடாது. யூபிஎஸ் தரையில், முன்னிருக்கைக்குப் பின்னால். அதற்குள் இருப்பது ஈய பேட்டரி. வண்டி திடீரென்று நின்றால் மேலே வைத்த யூபிஎஸ் நேராக ஓட்டுநரின் பிடரிக்குத்தான் வரும்.

டிக்கியிலேயே கேபினெட்டையும் வைத்திருக்கலாமே என்று கணவர் கேட்டார். டிக்கி பின்சக்கரங்களின் அச்சுக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் இருப்பதால் பள்ளத்தில் எழும் குலுக்கல் அங்கேதான் மிகுதி; ஏசியின் குளிர்ச்சியும் அங்கே சரியாகப் போய்ச் சேராது. இருக்கையின் பஞ்சு தரும் மெத்தென்ற தாங்கலை எந்த பபிள் ஷீட்டும் தராது.

கோவில்பட்டி தாண்டும்வரை வண்டி ஓடுவதே தெரியவில்லை. நான்குவழிச் சாலை கணினிக்குத் தாலாட்டு. சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “பெல்ட் போட்டு உக்காந்திருக்கது யாரு?” என்று கேட்டு, 30 ரூபாய்க்கு வாங்கிய பிஞ்சோடு இரண்டை அதிகமாகப் போட்டுக் கொடுத்தார்.

மதுரைப் புறவழிச்சாலையில் காலை உணவு. வண்டியை விட்டு இருவரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை என்பது எங்கள் ஏற்பாடு. கணவர் சாப்பிட்டு வரும்வரை நான் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணத்தை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சர்வர், நான் இறங்கி வருவதற்குக் காத்திராமல், இரண்டு இட்லியும் ஒரு வடையும் தட்டில் வைத்து வாழை இலை மூடி வண்டிக்கே கொண்டுவந்துவிட்டார். டிப்ஸ் கொடுத்தபோது, “தட்டை மட்டும் கொடுங்கக்கா, போதும்” என்று மறுத்துவிட்டார்.

திண்டுக்கல் தாண்டி ஒரு வாகனச் சோதனை. காவலர் பின்கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். “கம்ப்யூட்டரா? ஏன் படுக்கப் போட்டிருக்கீங்க?” என்று அவர் கேட்டது சந்தேகத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய மகள் சென்னையில் படிக்கிறாளாம். அடுத்த மாதம் அவளுடைய கணினியைக் காரில் கொண்டுபோக வேண்டுமாம். சாலையோரத்திலேயே ஐந்து நிமிடம் விளக்கினேன். “உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்குமே, அது குலுங்கினா போயிடாதா?” என்று நல்ல கேள்வி ஒன்றையும் கேட்டார். ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி எல்லாருக்கும் இருக்கும் பயம் ஓடும் டிஸ்க்கைப் பொறுத்தது. மின்சாரம் நின்றதும் அதன் படிப்பான்கள் தட்டை விட்டு விலகி ஓரத்தில் தமக்கான இடத்தில் போய் நின்றுகொள்கின்றன. 3.5 அங்குல டிஸ்குகள் பெரும்பாலும் அணைந்த நிலையில் 250 முதல் 350 ஜி வரையிலான, அதாவது புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கான, கண நேர அதிர்ச்சியைத் தாங்குமென்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டிக்கு அது வழக்கமாக 1,500 ஜி. பெட்டி கைநழுவித் தரையில் விழாதவரை கார் குலுக்கல் அந்த அளவை நெருங்குவதேயில்லை. கேட்டு முடித்ததும் அவரே பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கரூரில் வெயில் கொளுத்தியது. பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கடந்தபோது வானம் இருட்டத் தொடங்கி, சேலத்தில் ஆலங்கட்டி விழுமோ என்று அஞ்சும் அளவுக்கு மழை.

தொப்பூர்க் கணவாயைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த எல்லாமும் அங்கே நினைவுக்கு வந்தன. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கம்தான் விபத்துக்குப் பேர்போனது. இரட்டைப் பாலம் என்ற பெயரைக் கேட்டாலே லாரி ஓட்டுநர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். நாங்கள் ஏறும் பக்கத்தில் போனோம். ஏற்றத்தில் இருக்கும் சிக்கல் வேறு. சுமை லாரிகள் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று மற்றொன்றை முந்துவதற்காகச் சட்டென்று வலப்பக்கம் வரும். அப்படி ஒன்று வந்தது. கணவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில் பறந்து டாஷ்போர்டில் மோதியது. பின்னால் ‘டங்’ என்று ஓர் ஓசை. மேலே ஏறி ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது கேபினெட் பெல்ட்டுக்குள் வைத்தபடியே இருந்தது; யூபிஎஸ் மட்டும் தரையில் ஒரு சாண் வழுக்கிப்போய் இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் இடித்திருந்தது. அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு நசுங்கல். மழையில் நனைந்தபடி எங்களுக்குப் பின்னால் லாரியை நிறுத்திய ஒரு கிளீனர், “டயரு பஞ்சராங்க?” என்று கேட்டு, இல்லையென்றதும் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைக் கொடுத்து, “இத அடியில போடுங்க, வழுக்காது” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மாலை 6 மணிக்குத் தருமபுரியில் மதினி வீடு. பெட்டியை உள்ளே கொண்டுபோய் நடுக்கூடத்தில் படுக்க வைத்தோம். மதினி மகன், “அத்தை, இப்பவே திறந்து பார்க்கலாமா?” என்று துடித்தான். ஏசி வண்டியில் குளிர்ந்து கிடந்த இரும்பு, மழை ஈரக் காற்றுக்குள் வந்தால் அதன் மேல் நீர்த்துளி கோக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் கொடுப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. திறக்காமல் அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மே 30, வெள்ளிக்கிழமை – தருமபுரி

காலையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். நெல்லைக்காரியான மதினி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் களியைக் கண்டு அழுதவர். இன்று அவர் துடுப்பைப் போட்டுக் கிண்டுவதைப் பார்த்தால் அதியமான் கோட்டைக்கே பரம்பரைக் களிக்காரி போலிருக்கிறது.

ஒகேனக்கல் போகலாமென்று எல்லாரும் கிளம்பினார்கள். சாமான்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய், திரும்பும் வழியில் அப்படியே கிருஷ்ணகிரி போய்விடலாம் என்பது கணவரின் திட்டம். நான் ஒப்பவில்லை. பரிசல் துறைக்கு அருகே வண்டியை வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்த வேண்டியிருக்கும். மதினி மகன் இதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று வீட்டுச் சுவரில் இருந்த டிஜிட்டல் வெப்பமானியைக் கையோடு எடுத்து வந்து, ஒகேனக்கல்லில் நிறுத்திய வண்டியின் பின்னிருக்கையிலேயே வைத்துவிட்டான். நாங்கள் அருவியைப் பார்த்து, பொரித்த மீன் சாப்பிட்டுத் திரும்பியபோது அது 53 டிகிரி காட்டியது. அன்று வெளியே 36 டிகிரிதான். பெரும்பாலான மானிட்டர்களை வைத்திருப்பதற்கு 60 டிகிரிதான் உச்ச வரம்பு. கண்ணாடி வழியாக வெயில் நேரடியாக விழும் இடத்தில் அந்த 53 எந்த நேரமும் 60ஐத் தாண்டும். கணவர் வெப்பமானியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பென்னாகரத்தில் எனக்காக ஒரு இளநீர் வெட்டச் சொன்னார், 40 ரூபாய்.

மே 31, சனிக்கிழமை – கிருஷ்ணகிரி

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி ஒரு மணி நேரத் தொலைவுதான். காரிமங்கலம் தாண்டியதும் சாலையோரம் முழுவதும் மாம்பழக் கடைகள். பெங்களூரா என்று இங்கே சொல்லப்படும் கிளிமூக்கு மாங்காய் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு வாங்க நிறுத்திய இடத்தில் கணவர் செந்தூராவில் ஒரு பெட்டியும் வாங்க முடிவு செய்தார். 10 கிலோ 600 ரூபாய் என்று தொடங்கி 480இல் படிந்தது.

கடைக்காரப் பெரியவர் பழத்தை அடுக்கிய விதத்தை நான் நின்று பார்த்தேன். அடியில் வைக்கோலைப் பரப்பி, ஒவ்வொரு பழத்தையும் காம்புப் பக்கம் கீழே வரும்படி வைத்து, இரண்டு பழங்களுக்கு இடையில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழைந்த இடத்திலெல்லாம் வைக்கோலைச் சுருட்டித் திணித்தார். “கனத்துனால பழம் கெடாதும்மா. எடம் இருந்தா உருளும், உருண்டா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக் கன்னிப்போகும்” என்றார். அட்டைப்பெட்டிக்கும் கேபினெட்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாதபடி பழைய துண்டுகளை நான் திணித்திருந்தது அந்தக் காரணத்துக்காகத்தான். ஆனால் கேபினெட்டின் உள்ளே இதைச் செய்யக் கூடாது. தெர்மாகோல் துண்டுகளைப் போட்டு உள்ளே நிரப்புகிறவர்கள் உண்டு. அது உரசி உரசி நிலைமின்னைச் சேர்த்துக்கொள்ளும். உதிரும் வெண்மணிகள் மின்விசிறிக்குள் போய்ச் சிக்கும்.

மாம்பழப் பெட்டியை டிக்கியில் கண்ணாடி இருந்த துணிப்பைகளின் மேல் வைக்கப்போன கடைப் பையனைத் தடுத்து, என் காலடியில் வாங்கிக்கொண்டேன். கிராபிக்ஸ் கார்டுப் பெட்டி மடியில், மாம்பழம் காலடியில்.

இந்தப் பயணத்தில் என்னைச் சோர்வடையச் செய்தது நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பின் வந்த கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர்தான். பழையபேட்டைப் பக்கத்தில் எங்கள் புது வீடு இருக்கும் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மட்டும் மூடியிருந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் தெருவாசிகளே சிமென்ட் குழைத்துப் போட்ட வேகத்தடைகள். ஒன்றும் வெள்ளைக்கோடு கண்டதில்லை. மழை நீர் தேங்கியதால் ஆழமும் தெரியவில்லை. ஒரு வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது பின்னால் கேபினெட் தன் பெட்டியோடு எழும்பி இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன். தொப்பூரில்கூட அது அப்படி எழும்பவில்லை. நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டர் ஓட்டி வந்த பிறகு, வீடு வந்துவிட்டதென்ற அவசரத்தில்தான் யாரும் இந்த இடத்தில் வேகமெடுப்பார்கள்.

கணவர் நடை வேகத்துக்கு வந்துவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். நான் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்கிய நீரில் காலை விட்டு ஆழம் பார்த்தபடி முன்னால் நடந்தார். “ரைட்டுல வாங்க சார், ரைட்டு, நேரா ஏத்தாதீங்க, கிராஸா ஏத்துங்க” என்றார். வேகத்தடையில் ஒரு சக்கரமாகச் சாய்வாக ஏறினால் தூக்கிப்போடும் வேகம் குறைகிறது. நான் எந்தக் கையேட்டிலும் படிக்காத பாடம். வீட்டு வாசல்வரை வந்தவருக்கு இரண்டு செந்தூரா கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, “இன்னும் ரெண்டு நாள் போவணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரி முந்திய நாளே வந்திருந்தது. பீரோவின் ஒரு கால் மடங்கியிருந்தது. கிரைண்டரின் மூடியைக் காணவில்லை. மேஸ்திரி கைப்பேசியை எடுக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை – கிருஷ்ணகிரி

காலை வெளிச்சத்தில் கேபினெட்டைத் திறந்தேன். மதர்போர்டின் ஸ்க்ரூக்கள், கூலரின் பிடிப்பு, கணினிக்கு மின்சாரம் பகிரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 முனைக் கம்பி எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டை ஸ்லாட்டில் வைத்து அழுத்தியபோது கொக்கி ‘டிக்’ என்று விழுந்தது. மின்விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

இந்த நிலையில் பலர் கணினியே போய்விட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நல்ல மதர்போர்டுகளில் ஓரத்தில் சிறு விளக்குகள் நான்கு இருக்கும். பிராசசர், ராம் எனும் நினைவகம், கிராபிக்ஸ், பூட் என்று எதில் குறையோ அந்த விளக்கு எரியும். என்னுடையதில் ராம் விளக்கு மஞ்சளாக நின்றது. மின்சாரத்தைத் துண்டித்து, இரண்டு ராம்களையும் கழற்றி, கொக்கி விழும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்தினேன். திரை வந்தது. கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரின் வேலை அது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் கேபினெட்டின் உலோக விளிம்பைத் தொட்டபோது விரலில் எறும்பு ஊர்வது போல் சுருக்கென்றது. செருப்பில்லாமல் நின்று தொட்டபோது இன்னும் பலமாக. உடனே அணைத்தேன். இது பயணத்தில் வந்த பழுதில்லை என்பது தெரிந்ததுதான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் சிறிதளவு மின்சாரத்தை எர்த் கம்பி வழியே மண்ணுக்குக் கடத்துகின்றன. சுவர்ப் பிளக்கில் எர்த் இல்லையென்றால் அது கேபினெட்டிலேயே தங்கிவிடும். மீட்டர் வைத்தால் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியைக் காட்டும். ஆளைக் கொல்லும் அளவுக்கு ஓட்டம் இராது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கம்பியைச் செருகினால் போர்ட் கருகிவிடக்கூடும்.

வீட்டு உரிமையாளரம்மா எலக்ட்ரீஷியனுக்குத் தொலைபேசினார். ஞாயிற்றுக்கிழமையாதலால் அவர் போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தார். மாலையில் ஒரு கையில் இரண்டு கோழியும் மறு கையில் கருவிப்பையுமாக வந்தார். கோழிகளை வராண்டாத் தூணில் கட்டிவிட்டு ஸ்விட்ச் போர்டைத் திறந்தார். பச்சைக் கம்பி போர்டு வரைக்கும் வந்து, எதிலும் மாட்டப்படாமல் நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சுருண்டு கிடந்தது. “கட்டின காலத்துல இருந்தே இப்படித்தாங்க கிடந்திருக்கு” என்றார். மாட்டி, மீட்டரை வைத்து எனக்கும் காட்டினார்: பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 228 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 2. கூலி 250 ரூபாய். கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தேன், சுருக்கென்றது போய்விட்டது. கண்ணாடிப் பக்கத்தை மாட்டி, பாதியில் நின்ற ஆல்பத்தைத் திறந்தேன்.

இரவு மதினி மகன் அழைத்தான். ஜூன் மாதக் கடைசியில் கல்லூரிக்காகக் கோயம்புத்தூர் போகிறானாம். அவனுடைய கணினியும் காரில் போகிறதாம். அவனுடையதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, கூலரும் கம்பெனி கொடுத்த சின்னது. படுக்க வைத்து பெல்ட் போட்டால் போதுமென்றேன். “நீங்க ஏறி வந்தீங்க, நாங்க தொப்பூர்ல இறங்கணுமே அத்தை, வேற ஏதாவது செய்யணுமா?” என்று கேட்டான். இறக்கத்தில் எல்லாக் கனமும் முன்னால்தான் வரும். யூபிஎஸ்ஸை முன்னிருக்கையின் முதுகோடு ஒட்டித் தரையில் வைத்து, நகர இடமில்லாதபடி சுற்றிலும் துணி திணிக்கச் சொன்னேன். அடியில் போட அந்தத் தார்ப்பாய்த் துண்டு அவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே கிடக்கிறது என்பதையும் சொன்னேன்.